இங்க பாரு, அரியர்

ஆறு இருபதுக்கே கயிறு உள்ளங்கையில் வேர்த்துவிட்டது, இன்னும் ஒரு வண்டிகூட வரவில்லை, வராததற்கே இப்படியென்றால் வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கக் கூடாது, யோசித்தால் கை இறுகும், கை இறுகினால் கயிறு இறுகும், கயிறு இறுகினால் அரியருக்குத் தெரிந்துவிடும், ஏதோ வரப்போகிறது, இவள் பயப்படுகிறாள், அப்படியானால் பாய வேண்டியதுதான் என்று. நாயிடம் பொய் சொல்ல முடியாது, நாற்பது நாளில் நான் கற்றுக்கொண்டது அதுதான். வார்டனிடம் சொல்லலாம், அப்பாவிடம் சொல்லலாம், பின்வாசல் பதிவேட்டில் தினம் சொல்கிறோம். நாயிடம் முடியாது, கயிறு வழியாகவே போய்விடும். தளர்த்து. விரலைத் தளர்த்து கோதை. மொட்டை மாடிக் கொடிக் கயிறு இது, எத்தனையோ பேருடைய சுடிதாரைத் தாங்கிய கயிறு, இருபதடி, பாதிக்கு மேல் சுருட்டிக் கையில், மறுமுனையில் செம்பட்டை நிறத்தில் ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்து உட்கார்ந்திருக்கிறாள் அரியர். போன வருஷம் அரியர் தேர்வு முடிவு வந்த அன்று சாயங்காலம் மகளிர் விடுதிக்குள் நுழைந்தவள், அன்றைக்கு அழுதுகொண்டிருந்த முப்பது பேரில் யாரோ கூப்பிட்ட பெயர், ஒட்டிக்கொண்டது. இப்போது என்னைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்க்கிறாள். இடது கையில் சம்படம், சம்படத்தில் அவித்த முட்டை, சுண்டு விரல் நகமளவுக்கு வெட்டியது, இருபத்திநாலு துண்டு. இதை வைத்துக்கொண்டு நான் ஒரு உயிரைக் காப்பாற்ற வேண்டும். ஏழு மணிக்குள் சரோஜா அக்கா டி.வி.எஸ். எக்செல்லில் பால் கேனோடு வருவார். அரியர் துரத்தியதில் விழுந்து மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டு பிரித்து, இன்றுதான் முதல் நாள். "சரோஜா வண்டி கேட்டுக்குள்ள நுழையற வரைக்கும் அந்த நாய் ஒரு அடி நகரக் கூடாது, நகர்ந்துச்சுன்னா திங்கக்கிழமை நாய் பிடிக்கிற வண்டி வரும்," இது வார்டன் மேடம். பிடித்துக்கொண்டு போய் ஊசி போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள் என்பது விதி. முன்வாசல் நாய் கருவாயனையும் அந்த விதிப்படிதான் கொண்டுபோனார்கள். எட்டு மாதம் ஆகிறது.

"ஏம்மா, நான் சொன்னபடி கழுத்துல ஒரு கட்டையத் தொங்கவிட்டிருந்தா இந்தப் பாடே இல்லைல," என்கிறார் முத்துப்பேச்சி அக்கா, வாசல் காவலர், நீலச் சேலை, பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் பதிவேடு. "ஓடுறப்ப முட்டிலயே இடிக்கும், நாலு நாள்ல அதுவா அடங்கிரும்." அடங்குவது வேறு அக்கா, கற்றுக்கொள்வது வேறு, என்று ஆரம்பித்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார், "தாயே, காலையிலயே வேணாம்." எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். மாநில அளவில் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவள் என்று வரவேற்பு நிகழ்ச்சியில் மைக்கில் சொன்ன அதே வார்டன், நாய் விஷயத்தில் வாயைத் திறந்தவுடன், "இது பட்டிமன்றம் இல்ல கோதை." பிறகு எதுதான் பட்டிமன்றம். தலைப்பு கொடுத்து, மணியடித்து, மூன்று நிமிடத்தில் உட்காரச் சொல்வது மட்டுமா. சரி, இப்போது வேண்டாம், சைக்கிள் மணி, பேப்பர்காரர், தூரத்தில் வேப்பமரம் தாண்டி. காது நிமிர்கிறது, மடிந்த காதும் பாதி எழுகிறது, இதுதான் அந்த நொடி, இதற்கு முன்னால் கூப்பிட்டால் வீண், இதற்குப் பின்னால் கூப்பிட்டால் காதே இருக்காது, உடம்பு முழுக்கக் கண்ணாகிவிடும். "இங்க பாரு." தலை திரும்பியது. முட்டை. நாக்கு உள்ளங்கையைச் சுரண்டியது. பேப்பர்காரர் போய்விட்டார், ஒரு மனிதர் தினமும் இருபது நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிடுகிற அளவுக்கு இந்தச் சாலைக்குப் பயந்திருந்தார், இன்று மணியடித்துக்கொண்டே போகிறார். இருபத்திமூன்று.

ஆனால் அந்தப் பயத்தை யார் உண்டாக்கினார்கள். அங்கேதான் எனக்கு வந்து வந்து முட்டுகிறது. அரியர் பிறவியிலேயே துரத்துகிறவள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் விடுதிக் கூட்டத்தில் அப்படித்தான் சொன்னேன், நாயின் இயல்பு மேடம், ஓடுவதைத் துரத்துவது, பந்தோ ஆடோ சக்கரமோ. முழுப் பொய் இல்லை. ஆனால் முதல் பிஸ்கட்டைப் போட்டது நான். முதல் மாடி, பதினோராம் அறை, போன ஆடி மாதம், சாயங்காலம் ஐந்தேகால், பின்வாசல் சாலையில் அந்தக் கறுப்பு வண்டி. ஒன்று இல்லை, நாலைந்து வரும், ஆனால் அந்தக் கறுப்பு வண்டிதான் மெதுவாக வரும், நடந்து வருகிற பெண்ணின் வேகத்துக்கே வரும், பேசிக்கொண்டே வரும், கிட்டத்தில், தொடாமல், தொட்டால்தானே புகார். அன்று என் அறைத்தோழி ஷம்ஷாத் பஸ் நிறுத்தத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள், தலையைக் குனிந்தபடி, பையை மார்போடு அணைத்தபடி, அந்தக் குனிந்த தலையை மேலே இருந்து பார்க்க எனக்கு அவள்மேலேயே கோபம் வந்தது, ஏன் குனிகிறாள் என்று, நானும் அப்படித்தான் குனிவேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. அப்போது அரியர் பாய்ந்தாள். வாசலுக்குள் படுத்திருந்தவள் எழுந்து ஒரே பாய்ச்சல், அவன் வண்டியை முறுக்கிக்கொண்டு பைபாஸ் வரைக்கும் ஓடினான், மாடியில் மூன்று வரிசைப் பெண்களும் விசிலடித்தோம். வாழ்க்கையில் முதல் முறையாக அவர்களில் ஒருவன் திரும்பிப் பார்த்தபடி ஓடுவதைப் பார்த்தோம். நான் ஒரு பாக்கெட் பிஸ்கட்டை அப்படியே கீழே கொட்டினேன். அடுத்த நாள் இன்னொருத்தி. அப்புறம் அது வழக்கமாகிவிட்டது, ஒவ்வொரு துரத்தலுக்கும் மாடியிலிருந்து பிஸ்கட் மழை. நாங்கள் நினைத்தோம், பொறுக்கிகளைத் துரத்தக் கற்றுக்கொடுக்கிறோம் என்று. அவள் கற்றுக்கொண்டது, ஓடுகிற எதையும் துரத்தினால் வானத்திலிருந்து பிஸ்கட் விழும் என்று. பொறுக்கிக்கும் பால்காரிக்கும் சக்கரம் ஒன்றுதானே. அந்தக் கணக்கில் அவள் தப்பே செய்யவில்லை, நூற்றுக்கு நூறு. சரோஜா அக்கா சாலையில் கிடந்தார், பால் ஓடிக்கொண்டிருந்தது, மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஆஸ்பத்திரியில் நான் அழுதபோது அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம், "அது என்ன செய்யும், நீங்கதான பழக்கி விட்டீங்க," என்று மட்டும் சொன்னார். எனக்கு மறுப்பு வராத ஒரே வாக்கியம். அன்று மாலையே கயிற்றை அவிழ்த்துவந்தேன்.

மைதானத்தின் கோடியில்தான் ஆரம்பித்தோம், வண்டிகள் எறும்பு மாதிரித் தெரிகிற இடத்தில். அங்கே அவளால் பொறுக்க முடிந்தது. பொறுத்தால் முட்டை. நாளுக்குப் பத்தடி முன்னால். ஒரு நாள் கெட்டுப்போனால் இருபதடி பின்னால், கோபப்படக் கூடாது, கத்தக் கூடாது, நான் கோபப்படாமல் இருந்தேன் என்று ஷம்ஷாத் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். இதோ ஆட்டு மணிச் சத்தம். வந்துவிட்டன, இவைதான் வண்டியைவிடக் கஷ்டம், வண்டிக்கு வாசனை கிடையாது. அறுபது எழுபது ஆடு சாலை முழுக்க நிரம்பி, புழுதி, மூத்திர வாடை, மேய்ப்பவர் பின்னால் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு. அரியரின் முதுகு ரோமம் ஒரு கோடாக எழுந்துவிட்டது. "இங்க பாரு." பார்க்கவில்லை. கயிறு இறுகியது, என் கை இல்லை, அவள் இறுக்கம். ஒரு குட்டி, வெள்ளைக் குட்டி, காரணமே இல்லாமல் நாலு காலையும் ஒன்றாகத் தூக்கிக் குதித்தது. ஐயோ குதிக்காதே. "இங்க பாரு, அரியர்." கண் ஆட்டிடமிருந்து பிய்ந்து வருவது தெரிந்தது, ஈரத் தரையிலிருந்து செருப்பைப் பிடுங்குவது மாதிரி, வந்தது, என் முகத்தில் நின்றது. மூன்று துண்டு கொடுத்தேன், நாலாவதும். "இந்த நாயாம்மா அன்னைக்கு என் கெடாவ ஓடை வரைக்கும் விரட்டுச்சு," என்று மேய்ப்பவர் நின்றார். இதேதான் என்றேன். "மருந்து வச்சியா?" முட்டை வைத்தேன் அண்ணே. "எங்க வீட்டுல எனக்கே முட்டை கெடையாது," என்று சொல்லிவிட்டுப் போனார். முத்துப்பேச்சி அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே உள்ளே ஒன்று முள்ளாகக் குத்தியது.

ஏனென்றால் எங்களுக்கும் இதையேதான் சொல்லிக்கொடுத்தார்கள். பார்க்காதே. கறுப்பு வண்டியைப் பற்றி எழுத்தில் புகார் கொடுத்தோம், நாற்பத்தியொரு கையெழுத்து, வார்டன் மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் படித்தார், கழற்றினார், "நீங்க திரும்பிப் பாக்கறதாலதான் அவன் வர்றான். பாக்காதீங்க. சாலை பக்கம் ஜன்னல சாத்துங்க. பத்து நாள்ல அவனா போயிருவான்." எட்டாம் வகுப்பில் டியூஷன் விட்டு வரும்போது அரிசி மில் திருப்பத்தில் ஒரு சைக்கிள் பின்னாலேயே வரும், அம்மாவிடம் சொன்னால், "திரும்பிப் பாக்காம வேகமா வந்துரு." நான் வேகமாக வந்தேன். அந்த வருஷம் முழுக்க வேகமாக வந்தேன். வேகமாகப் போவது என்றால் என்ன என்று இப்போது ஒரு நாய் எனக்குச் சொல்லித் தந்துவிட்டது, ஓடுகிறதுதான் துரத்தப்படும், துரத்துகிறவனுக்கு ஓட்டமே பிஸ்கட். அப்படியானால் நான் அரியருக்குச் செய்வது என்ன. அதே பாடம்தானே. கண்ணைத் திருப்பு, உடம்பை அடக்கு, ஒரு அடி நகராதே, நகர்ந்தால் வண்டி வந்து பிடித்துப் போய்விடும். வாசலைத் தாண்ட வேண்டுமென்றால் எங்களுக்குப் பதிவேடு, பெயர், நேரம், காரணம் என்று மூன்று கட்டம், காரணம் என்ற கட்டத்தில் எல்லோரும் ஜெராக்ஸ் என்று எழுதுவோம். சினிமாவுக்குப் போனாலும் ஜெராக்ஸ், பல்வலிக்கும் ஜெராக்ஸ், சும்மா நடக்க வேண்டும் போலிருந்தால் நிச்சயமாக ஜெராக்ஸ், ஒரு தேதிக்கு ஐம்பது ஜெராக்ஸ், யாரும் கேட்பதில்லை. உண்மையைக் கேட்கவில்லை, குனிந்து எழுதுகிறோமா என்றுதான் பார்க்கிறார்கள். இன்று காலை நான் நாய் என்று எழுதினேன், அக்கா ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, இருக்க வேண்டும், நாற்பது நாளாக அதைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். அரியர் ஒருத்தரைக் கீழே தள்ளினாள். நாங்கள் யாரைத் தள்ளினோம். அவளுக்கு முட்டையாவது கிடைக்கிறது. எங்களுக்கு ஜன்னலைச் சாத்தியதற்கு என்ன கிடைத்தது, காற்று வராத அறை. இன்னொன்றும் இருக்கிறது, அதை ஷம்ஷாத்திடம்கூடச் சொல்லவில்லை. அரியரைக் கட்டிய நாலாம் நாளே கறுப்பு வண்டி திரும்ப வந்துவிட்டது. என் பாடம் ஒழுங்காக நடக்க நடக்க அவன் தைரியமாக வருகிறான். நான் எதைக் காப்பாற்றுகிறேன், எதைத் திறந்துவிடுகிறேன். வார்டன் மேடம் கூட்டத்தில் சிரித்தபடி கேட்டார், "சரி கோதை, உன் நாய் அவன் வண்டியப் பிடிச்சிருச்சுன்னே வை. பிடிச்சு என்ன பண்ணும்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். கோப்பை வாங்கியவள்.

ஆறு நாற்பத்தைந்து. சத்தம் கேட்டது, எக்செல் இல்லை, கனத்த சத்தம், மெதுவானது. வேப்பமரத்தடியில் கறுப்பு. இன்றைக்கா, இந்த நேரத்திலா, இவன் காலையில் வருவதில்லையே. சாயங்காலம் மட்டும் என்று யார் சொன்னது, நான்தான் என் வசதிக்குச் சொல்லிக்கொண்டேன். விரல்கள் இறுகிவிட்டன, பழைய இறுக்கம், அரிசி மில் திருப்பத்து இறுக்கம், அது கயிற்றில் போய்விட்டது, அரியர் எழுந்துவிட்டாள். அவளுக்கு இவனைத் தெரியும். இவன் வண்டிக்குத்தான் அவள் வாழ்க்கையிலேயே அதிகம் பிஸ்கட் விழுந்திருக்கிறது. இருபதடி, பதினைந்தடி. கட்டம்போட்ட சட்டை, மடிப்புக் கலையாத இஸ்திரி, யாரோ ஒரு பெண் அதிகாலையில் எழுந்து போட்டுக்கொடுத்திருப்பாள். பத்தடியில் ஒரு காலை ஊன்றியபடி நகர்த்திக்கொண்டே வந்தான். "என்ன, பாடிகார்டுக்குக் கயிறு போட்டுட்டாங்களா?" பார்க்காதே. சாலையைப் பார். சம்படத்தைப் பார். "முட்டை அதுக்கு மட்டும்தானா, எனக்கெல்லாம் ஊட்ட மாட்டியா?" அரியரின் தொண்டையில் ஒரு இரைச்சல், பின்னங்கால் நடுங்கியது, இதோ போகப்போகிறாள், போனால் திங்கட்கிழமை, போகாவிட்டால் இவன் தினமும். விட்டுவிடலாம். ஒரு விரலை எடுத்தால் போதும், பைபாஸ் வரைக்கும் ஓடுவான், எவ்வளவு நன்றாக இருக்கும் அதைப் பார்க்க. நாங்கள் மாடியில் நின்றுகொள்வோம், அவள் மாட்டிக்கொள்வாள். போன வருஷம் முழுக்க அப்படித்தானே செய்தோம், எங்கள் வேலையை நாயிடம் கொடுத்துவிட்டுக் கைதட்டினோம். "இங்க பாரு," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் பார்த்தாள். அவனை விட்டு, அந்தச் சக்கரத்தை விட்டு, முதல் அழைப்பிலேயே திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், நடுங்கிக்கொண்டே. சம்படத்தில் மிச்சமிருந்ததையெல்லாம் அவள் முன்னால் வைத்தேன். வைக்கும்போதுதான் தெரிந்தது, பார்க்காமலிருக்க வேண்டியவள் அவள்தான். அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். நான் எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும்.

"இரு," என்றேன், கயிற்றைக் கீழே போட்டேன். "ஏ கோதை, கயித்த விட்டுட்டம்மா," முத்துப்பேச்சி அக்கா நாற்காலியிலிருந்து எழுவது கேட்டது. நான் நடந்தேன். ஓடவில்லை, ஓட்டம் என்ன செய்யும் என்று இப்போது எனக்குத் தெரியும், நிதானமாக, சாலையின் நடுவில், அவனைப் பார்த்துக்கொண்டே. கண்ணைப் பார்த்தேன். மூன்று வருஷமாக இவன் குரல் தெரியும், வண்டி தெரியும், முகம் தெரியாது, இப்போதுதான் பார்க்கிறேன், இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, சாதாரண முகம், இதற்காகவா ஜன்னலைச் சாத்தினோம். அவன் சிரித்தான், சிரிப்பு அப்படியே நின்றது, அதற்கடுத்து என்ன செய்வதென்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, எதிரே வருகிற பெண்ணுக்கு அவனிடம் பாடம் இல்லை. கையை ஓங்குவானா, வண்டியை மேலே விடுவானா, அப்பா என்ன சொல்வார், படிப்பை நிறுத்துவாரா. எல்லாம் ஒன்றாக வந்தது, வந்துகொண்டே இருந்தது, கை அதைக் கேட்காமல் நீண்டது, சாவியைத் திருகியது, உருவியது. சத்தம் நின்றது. இவ்வளவுதான். பிடித்தால் என்ன பண்ணும் என்றால், இதைப் பண்ணும்.

"ஏய், சாவியக் குடு." அந்த அமைதியில்தான் எக்செல் சத்தம் கேட்டது, திருப்பத்தில், பால் கேன் மூடி கடகடக்க. திரும்பினேன். அரியர் பத்தடி தள்ளித் தனியாக, கயிறு தரையில் பாம்பு மாதிரிக் கிடக்க, யாரும் பிடிக்காமல். முட்டையும் தீர்ந்திருந்தது அங்கே. கூப்பிடலாமா, கூப்பிட்டால் எழுந்து என்னிடம் ஓடிவருவாள், எக்செல்லுக்குக் குறுக்கே. வாயை மூடிக்கொண்டேன். பேச்சுப் போட்டிக்காரி, வாழ்நாளிலேயே கஷ்டமான வாயை மூடல். சரோஜா அக்கா நாயைப் பார்த்துவிட்டார், ஹேண்டில் லேசாக ஆடியது, இன்னும் வெளுப்பாக இருக்கிற அந்த மணிக்கட்டு. காது நிமிர்ந்தது. மடிந்த காதும். தலை எக்செல்லோடு கூடவே திரும்பியது, முழுதும் திரும்பியது, அப்புறம் யாரும் சொல்லாமல், யாரும் கூப்பிடாமல், என்னைத் தேடியது. கண்டுபிடித்தது. அப்படியே உட்கார்ந்திருந்தாள். எக்செல் அவளைத் தாண்டி வாசலுக்குள் நுழைந்து நின்றது. சரோஜா அக்கா இறங்கி, என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். "என்னடி இது, நாய் உக்காந்திருக்கு, நீ நடுரோட்டுல நிக்கிற?" மாடியில் வாயில் பிரஷ்ஷோடு மூன்று வரிசை. ஒருத்தியும் விசிலடிக்கவில்லை. ஷம்ஷாத் படியிறங்கி ஓடிவருவது தெரிந்தது.

"சாவியக் குடுன்னு சொன்னேன்." குரல் சற்று மெலிந்திருந்தது. குடுக்கிறேன் என்றேன், என் குரலும் நடுங்கத்தான் செய்தது, நடுங்கட்டும், அரியரும் நடுங்கிக்கொண்டுதானே உட்கார்ந்தாள். "வாங்க. இது லேடீஸ் ஹாஸ்டல் ரோடு. வந்தா ரிஜிஸ்டர்ல எழுதணும். எழுதிட்டு வாங்கிக்கங்க." முத்துப்பேச்சி அக்கா குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார், "ஆறு அம்பத்திரெண்டு. சரோஜா வண்டி உள்ள வந்தது. நாய் நகரல." எழுதி முடித்துவிட்டு பதிவேட்டை அவன் பக்கம் திருப்பினார், நான் சொல்லிக்கொடுத்தது போலவே, ஆனால் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "பேரு, நேரம், காரணம். தெளிவா எழுதுப்பா, மேடம் கண்ணாடி போட்டுப் படிப்பாங்க." அவன் எக்செல்லைப் பார்த்தான், சரோஜா அக்கா பால் கேனை இறக்காமல் கை கட்டி நின்றார். மாடியைப் பார்த்தான். வண்டியை இங்கே விட்டுவிட்டு ஓடலாம், ஆனால் நம்பர் பலகை ஓடாதே. வண்டியை நிறுத்திவிட்டு என் பின்னால் வாசலுக்கு வந்து பேனாவை வாங்கினான். பெயர் எழுதினான், ஒரு எழுத்து எழுதி அடித்து மறுபடி எழுதினான். நேரம் எழுதினான். காரணம் என்ற கட்டத்துக்கு வந்தான். மேலே என் கையெழுத்தில் நாய். அதற்கு மேலே நேற்று, முந்தாநாள், பக்கம் முழுக்க ஜெராக்ஸ், ஜெராக்ஸ், ஜெராக்ஸ். பேனா அந்தரத்தில் நின்றது. "வா," என்றேன் அரியரிடம். அவள் எழுந்து வந்தாள், வழியில் கறுப்பு வண்டி. ஒரு வருஷமாகத் துரத்தியது, நின்று முதல் முறையாகப் பார்க்கிறாள். முன் சக்கரத்தை முகர்ந்தாள், பின் சக்கரத்தை முகர்ந்தாள், அதில் ஒன்றும் இல்லை, தும்மினாள், என் இடது கை வாசனையைத் தேடி வந்துவிட்டாள். சம்படத்தின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சள் கருவை வழித்துக் கொடுத்தேன். வலது கையில் சாவி, வெதுவெதுப்பாக. அவன் இன்னும் எழுதவில்லை. "யோசிச்சு உண்மைய எழுதுங்க," என்றேன், "எங்களுக்கு அவசரமில்ல."